நின்றுபோன நாட்டு ரகங்களை ஊர் கூடிக் காப்பது எப்படி? செட்டிநாட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

செட்டிநாட்டில் கத்தரிக்காயைப் பிசைந்து செய்யும் கோசமல்லிக்கு எல்லாக் கத்தரிக்காயும் ஒத்துவராது. வேகவைத்துத் தோலை உரித்துக் கையால் பிசைந்தால் சதை குழையவேண்டும், விதை பல்லில் நெருடக் கூடாது, புளி ஊற்றிய பிறகும் காயின் ருசி நிற்கவேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வயதான ஆச்சிமாரிடம் கேட்டால், "அந்தக் காய் இப்ப வர்றதில்லையே" என்பார்கள். விதை இல்லாததால் காய் வரவில்லை. அந்த விதையை ஒரே ஒரு வீட்டுக் கொல்லைதான் வைத்திருந்தது, அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார்கள்.

ஒரே கையில் இருக்கிற ரகம் பாதி தொலைந்த ரகம். அந்த ஒரு கையை மூன்று கையாக ஆக்குவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. தோட்டக்கலை தெரிந்தவர்தான் செய்யவேண்டும் என்பதில்லை. கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர், ஒரு நோட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் நாலு பேர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

1. எதைக் காப்பது

நின்றுபோன ரகங்களில் இரண்டு வகை முக்கியம். ஒன்று வீட்டு ரகம். யாரும் விற்றதில்லை, கை மாறிக் கை மாறி வந்தது: பந்தல் அவரை, கொல்லைக் கத்தரி, வேலியில் ஏறிய சுரை, பீர்க்கு, மிளகாய், கவுனி நெல். இன்னொன்று, வேளாண் பல்கலைக்கழகமோ கம்பெனிகளோ வெளியிட்டு, பிறகு உற்பத்தியை நிறுத்திய ரகம். கோ (கோயம்புத்தூர்), பாலூர், மதுரை, பெரியகுளம் என்ற ஊர்ப்பெயரோடு வந்த பழைய காய்கறி ரகங்கள் பல இதில் சேரும். புது ரகம் வர வர, பழையதற்கு விதைப்பண்ணை போடுவது குறைந்துவிடும். ரகம் கெட்டுப்போனதால் அப்படி நடப்பதில்லை, கேட்பார் குறைந்ததுதான் காரணம். இப்படிப்பட்ட ரகங்களைப் பலர் மதிப்பதில்லை, "அது நாட்டு ரகம் இல்லையே" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது வருடம் இந்த மண்ணில் விளைந்து, இந்த ஊர்ச் சமையலில் கலந்துவிட்ட ரகம் நம்முடையதுதான்.

தவிர்க்க வேண்டியது வீரிய ஒட்டு ரகம். பாக்கெட்டில் 'எஃப்1' என்றோ 'ஹைபிரிட்' என்றோ இருந்தால் அதன் விதை தாயைப்போல வராது, அடுத்த தலைமுறையில் நாலு விதமாகப் பிரியும். பல தலைமுறை தேர்வு செய்து அதையும் நிலைப்படுத்தலாம்தான், ஆனால் முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம்.

முதல் வருடம் மூன்று ரகத்துக்கு மேல் தொடாதீர்கள். முப்பது ரகம் சேர்த்து இருபத்தைந்தைச் சாகவிடுவது காப்பு ஆகாது. ஒரு அவரை, ஒரு கத்தரி, ஒரு கொடிக்காய் என்று தொடங்குங்கள். கை பழகிய பிறகு நெல்லுக்குப் போகலாம்.

2. தேடுவது, கேட்பது

விதை தேட நல்ல காலம் தை, மாசி. பொங்கல் முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும், அவரைக் கொடி காய்ந்திருக்கும், விதைக்கென்று விட்ட காய் எரவாணத்தில் தொங்கும். வளவு, அதாவது நடுமுற்றம், வைத்த பெரிய வீடுகளில் மட்டும் தேடினால் ஏமாறுவீர்கள். நகரத்தார் வீடுகளில் ருசியின் நினைவு இருக்கும், விதை பெரும்பாலும் பயிர் வைத்தவர்கள் வீட்டில்தான் இருக்கும். கண்மாய்க்கரைக் குடியிருப்புகள், சந்தையில் கூடையோடு உட்காரும் அப்பத்தாமார், கோயில் நந்தவனம் பார்ப்பவர்கள் எல்லோரையும் கேளுங்கள்.

"பழைய விதை இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். சமையலில் தொடங்குங்கள். "ஆச்சி, அவரை வத்தலுக்கு எந்தக் காயைப் போடுவீங்க? அது வருமா இப்ப?" என்று கேட்டால் பேச்சு தானாக விதைக்கு வரும். அப்புறம், "இந்த விதை உங்களுக்கு யாரு குடுத்தது?" என்று கேளுங்கள். "எங்க ஆத்தா குடுத்துவிட்டது" என்று சொன்னால், அந்த ஆத்தா பிறந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் அதே விதை இன்னொரு கையில் இருக்கலாம்.

எழுத வேண்டியவை: கொடுத்தவர் பெயர் (அவர் சம்மதித்தால்), ஊர், தேதி, ரகத்தை அவர் அழைக்கும் பெயர், எந்தப் பட்டத்தில் விதைப்பார், எத்தனை நாளில் காய்க்கும், காய் எப்படி இருக்கும், எந்தச் சமையலுக்கு, எந்தப் பூச்சி வரும், எப்போது கடைசியாக விதைத்தார். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விதையின் வயது அதில்தான் தெரியும்.

இருப்பதையெல்லாம் வாங்கிவராதீர்கள். கொடுத்தவரிடம் அடுத்த பட்டத்துக்கான விதை மிச்சம் இருக்கவேண்டும். இரண்டு வீட்டில் ஒரே பெயரில் கிடைத்தால், ஒன்றாகக் கொட்டிக் கலக்கவும் கூடாது. தனித்தனி உறையில், தனி எண்ணோடு வைத்து, விதைத்துப் பார்த்து இரண்டும் ஒன்றா என்று முடிவு செய்யவேண்டும்.

3. முதல் விதைப்பு

பழைய விதை கொஞ்சம்தான் கிடைத்திருக்கிறது என்றால், அத்தனையையும் ஒரே நாளில் போடாதீர்கள். பாதியை எடுத்து வையுங்கள். ஒரு நாள் மழை, ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு கோழி போதும், மொத்தமும் போய்விடும்.

வயதான விதையைத் தண்ணீரில் நீண்ட நேரம் ஊறப்போட்டால் அழுகும். ஈரத் துணியிலோ ஈரக் காகிதத்திலோ பரப்பி, முளை எட்டிப் பார்த்ததும் ஒவ்வொன்றாகக் குழித்தட்டுக்கு மாற்றுங்கள். இங்கே செம்மண்ணும் சரளையும் கலந்த மண், மேலே இறுகிவிடும். வலுவில்லாத முளை அதைத் தள்ளிக்கொண்டு வராது, அதனால் தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மக்கிய எருவும் கலந்து போடுவது நல்லது.

முதல் வருடம் தேர்வு செய்யாதீர்கள். செடிகளைப் பாருங்கள், எழுதுங்கள், படம் எடுங்கள். எது ரகத்தின் இயல்பு, எது கலப்பு என்று தெரிவதற்கு முன்பே பிடுங்கத் தொடங்கினால் ரகத்தின் ஒரு பகுதியையே வெட்டி எறிந்துவிடுவோம்.

4. கலப்பைத் தடுப்பது

இதில்தான் பெரும்பாலான ரகங்கள் கெடுகின்றன. செடி செழிப்பாக இருக்கும், காயும் அழகாக இருக்கும், விதைக்குள் பக்கத்து வீட்டு மகரந்தம் போயிருக்கும். அது அடுத்த வருடம்தான் தெரியும்.

தன் மகரந்தத்திலேயே பெரும்பாலும் காய்ப்பவை நெல், தக்காளி, அவரை, தட்டைப்பயறு. இவற்றுக்குக் குறைந்த இடைவெளி போதும். இந்திய விதைச் சான்றுத் தரத்தில் நெல்லுக்கு 3 மீட்டர், தக்காளிக்கு 25 முதல் 50 மீட்டர். கத்தரிக்கு 100 முதல் 200, மிளகாய்க்கும் வெண்டைக்கும் 200 முதல் 400. சுரை, பீர்க்கு, பூசணி, பாகல் போன்ற கொடிகளுக்கு 500 முதல் 1000 மீட்டர்.

கொல்லையில் 1000 மீட்டருக்கு எங்கே போவது? தூரத்தைக் கொடுக்க முடியாவிட்டால் பூவைக் கட்டவேண்டியதுதான்.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் இது எளிது. மொட்டு விரியும் முன் ஒரு கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, அடியைக் கட்டிவிடுங்கள். உள்ளேயே பூத்துக் காய்க்கும், தினமும் ஒருமுறை கிளையைத் தட்டிவிட்டால் காய்ப்பு கூடும். காய் பிடித்ததும் பையை எடுத்து, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டிய காயை யாரும் குழம்புக்குப் பறிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு விதை போன வீடுகள் நிறைய.

கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் ஒரு குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவில் வெறும் காம்புதான். பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும். பீர்க்கும் சுரையும் புடலையும் சாயங்காலம் விரியும். இந்த நேரக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பீர்க்கை எடுத்துக்கொள்வோம். மதியத்துக்கு மேல் கொடியைச் சுற்றி வாருங்கள். அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு பருத்து, நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். ஆண் மொட்டு மூன்று நாலு, பெண் மொட்டு ஒன்று என்று தேர்ந்தெடுத்து, இதழ் விரியாதபடி நுனியில் நூலால் லேசாகக் கட்டுங்கள். அல்லது ஒரு காகிதக் கூம்பால் மூடுங்கள். ஐந்து ஐந்தரை மணிக்கு, மற்ற பூக்கள் விரியும்போது கட்டை அவிழ்க்கலாம். ஆண் பூவைக் காம்போடு பறித்து, மஞ்சள் இதழ்களைப் பின்னால் உரித்துவிடுங்கள். நடுவில் மகரந்தம் ஒட்டிய தண்டு மட்டும் நிற்கும். விரலில் தொட்டால் மாவு ஒட்டவேண்டும், ஒட்டாவிட்டால் அந்தப் பூ ஆகாது. பெண் பூவின் நடுவில் ஈரப் பசையோடு இருக்கும் முகட்டில் மெதுவாகத் தடவுங்கள். வேறு செடியின் ஆண் பூவாக இருந்தால் நல்லது. இரண்டு மூன்று ஆண் பூவைத் தடவியபின், பெண் பூவின் இதழைத் திரும்ப மூடிக் கட்டிவிடுங்கள். தேனீயும் அந்துப்பூச்சியும் இனி உள்ளே போக வழியில்லை. தேதி எழுதிய சீட்டை நூலால் காம்பில் கட்டுங்கள். குட்டிக் காய் மூன்று நாளில் பருத்தால் பிடித்துவிட்டது, மஞ்சளித்தால் உதிரும், அடுத்த பூவைப் பாருங்கள். மெழுகுப் பீர்க்கும் சாதாரணப் பீர்க்கும் பக்கத்தில் இருந்தால் அவையும் கலக்கும் என்பதால் கட்டுவதைத் தவிர்க்க முடியாது.

சுரைக்கு இன்னொரு எச்சரிக்கை. கசக்கிற சுரையின் விதையை ஒருபோதும் எடுக்காதீர்கள். காட்டுச் சுரையோடு கலந்தாலும், செடிக்குள் மறைந்திருக்கும் குணம் தலைதூக்கினாலும் காய் கசக்கும். அந்தக் கசப்புப் பொருள் நஞ்சு. கசந்த சுரைச் சாறு குடித்து நம் நாட்டில் உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. விதைக்கு விடும் செடியில் முதல் பிஞ்சைப் பறித்து, நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தச் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். விதை கொடுக்கும்போது "பிஞ்சு ருசி பார்த்தது" என்று உறையில் எழுதுவது உங்கள் கடமை.

5. கவுனி நெல்லுக்குத் தனியாக

செட்டிநாட்டில் கவுனி இல்லாத கல்யாண இலை குறைவு. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கொண்டுவந்தது என்று வழிவழியாகச் சொல்லிவருகிறோம். இன்று கறுப்புக் கவுனி என்ற பெயரில் கடைகளில் நிறைய வருகிறது. உங்கள் வீட்டுக் கவுனி அதுதானா என்பதை இரவு முழுக்க ஊறவைத்து வேகவைத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும். சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்தால் அந்தக் குழைவு வருகிறதா என்பதை அதைச் சமைத்துப் பழகிய கைதான் அறியும். அதனால் நெல் காக்கும் குழுவில் சமைப்பவர் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும்.

நெல் தன் மகரந்தத்தில் காய்ப்பது, ஆகவே பூவில் கலப்பது குறைவு. கலப்பு களத்திலும் எந்திரத்திலும்தான் நடக்கிறது. கதிர் அறுக்கும் எந்திரத்துக்குள் முந்தின வயலின் நெல் தங்கியிருக்கும். புதுவயல் ஊர் ரைஸ்மில்லுக்குப் போகிற நெல்லைப் பற்றிக் கவலையில்லை, விதை நெல்லை மட்டும் கையால் அறுத்து, தனிப் படுதாவில் அடித்து, புதுச் சாக்கில் கட்டுங்கள். பழைய சாக்கென்றால் உள்ளே வெளியே திருப்பி உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கலப்பு நடந்தாலும் அந்த வருடம் அரிசியில் தெரியாது. கவுனியின் கறுப்பு, அரிசியின் மேல்தோலில் இருப்பது. அந்தத் தோல் தாய்ச் செடிக்குச் சொந்தம். வெள்ளை நெல்லின் மகரந்தம் விழுந்திருந்தாலும் மணி கறுப்பாகத்தான் இருக்கும். பிரிவது அதற்கடுத்த தலைமுறைகளில். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் கதிர் கதிராகப் பார்க்கவேண்டும்.

விதைக்கென்று ஒரு சிறு பாத்தியை ஒதுக்கி, குத்துக்கு ஒரே நாற்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். ஒற்றை நாற்றாக இருந்தால்தான் எது கலவன் என்று கண்ணில் படும். தூர் கட்டும்போது, பூக்கும்போது, பால் முற்றும்போது என மூன்று முறை இறங்கி, உயரம், இலை நிறம், பூக்கும் நாள் மாறுபட்ட குத்துகளை வேரோடு எடுங்கள். பழைய நெல் ரகங்கள் உயரமாகச் சாயக்கூடியவை, சாய்ந்த குத்தைக் கலவன் என்று எண்ணிவிடாதீர்கள். கடைசியில் நூறு நல்ல குத்துகளிலிருந்து குத்துக்கு ஒரு கதிர் எடுத்துக் கட்டித் தொங்கவிட்டால் அதுவே அடுத்த வருடத்துக்கான தாய் விதை. ஒவ்வொரு கதிரிலும் இரண்டு மணியை உரித்துப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் அந்தக் கதிர் விதைக்கு வேண்டாம்.

மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குழியடிச்சான், சித்திரைக்கார் எதற்கும் இதே முறைதான்.

6. எத்தனை செடி

ஒரே ஒரு அழகான காயிலிருந்து எல்லா விதையையும் எடுப்பது பரவலான பழக்கம். ஒரு செடிக்குள் ரகத்தின் முழுக் குணமும் அடங்காது. பத்து வருடம் அப்படிச் செய்தால் ரகம் குறுகி, வறட்சி வந்தால் தாங்காது. அவரை, தக்காளி போன்றவற்றில் குறைந்தது இருபது செடி, கத்தரி, மிளகாயில் முப்பது நாற்பது, கொடிகளில் பன்னிரண்டுக்குக் குறையாமல், கம்பு, மக்காச்சோளம், கீரை போன்று காற்றிலும் பூச்சியிலும் கலப்பவற்றில் நூறாவது வேண்டும். ஒவ்வொரு செடியிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு விதை எடுக்கவேண்டும்.

ஒரு கொல்லையில் பன்னிரண்டு சுரைக்கொடி ஏற்ற முடியாது என்பது நியாயம்தான். ஊர் கூடிச் செய்வதன் பலன் இங்கேதான் தெரியும். நாலு வீடு, வீட்டுக்கு மூன்று கொடி. விதையை முடிவில் சேர்த்துக் கலந்து, திரும்ப நாலாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இலை சுருண்டது, தேமல் படிந்தது, வளர்ச்சி குன்றியது எதிலிருந்தும் விதை வேண்டாம். தட்டைப்பயறுத் தேமல் போன்ற சில நோய்கள் விதையோடேயே அடுத்த ஊருக்குப் போகும்.

7. விதையைப் பிரிப்பது

கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுத்து, தொட்டால் நெகிழும்வரை செடியிலேயே விடவேண்டும். கறிக்காய்ப் பருவத்தில் விதை முற்றியிருக்காது. பழத்தைப் பிசைந்து வாளித் தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். காய் அழுகல் வந்த தோட்டமென்றால், எடுத்த விதையை 50 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்து எடுப்பது நோயைக் குறைக்கும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யவேண்டாம், கொஞ்சம் சூடு கூடினாலும் முளைப்பு போய்விடும்.

தக்காளி விதையை அதன் கூழோடு இரண்டு நாள் புளிக்கவைத்துக் கழுவுங்கள். மிளகாயைச் செடியிலேயே சிவக்கவிட்டு நிழலில் உலர்த்தி உடையுங்கள். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் கலகலக்கவேண்டும்.

அந்தக் காரணத்துக்காகவே விதைக்கு விடும் கொடிகளை ஆடிப் பட்டத்தில் போடாமல் தைப் பட்டத்தில் போடச் சொல்கிறேன். ஆடியில் போட்டால் காய் முற்றும் நேரத்தில் ஐப்பசி அடைமழை வந்துவிடும், காய் காயாமல் பூஞ்சை பிடிக்கும், மழைத்தண்ணீர் மகரந்தத்தையும் கழுவிவிடும். தையில் போட்டது பங்குனி, சித்திரை வெயிலில் தானாகக் காயும். கிணற்றுத் தண்ணீரோ போர்த் தண்ணீரோ வேண்டும் என்பதுதான் சிரமம். பந்தல் அவரைக்கு ஆடிதான். அது பகல் குறுகும்போதுதான் பூக்கும்.

நெல் விதைக்கு உப்புக் கரைசல் பழைய வழி. தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மேலே வந்து ஒரு சிறு நாணய அளவு தெரியும்வரை உப்பைக் கரையுங்கள். அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவேண்டும். இதை விதைக்கும் நாளில் செய்யுங்கள், சேமிக்கும் முன் விதையை நனைக்காதீர்கள்.

8. காயவைப்பதும் வைத்திருப்பதும்

சேமிப்பில் ஈரமும் சூடும்தான் எதிரி. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும் என்பது விதை அறிவியலில் பழகிய கணக்கு. நெல்லுக்கு 13 சதவீதத்துக்குள், பயறுக்கு 9, காய்கறி விதைக்கு 8 அல்லது அதற்கும் கீழே வரவேண்டும். ஈரமானி உங்களிடம் இல்லாவிட்டால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பக்கத்து வேளாண் அலுவலகத்திலோ கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஒரு சோதனை: நன்கு காய்ந்த கல்லுப்பைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஒரு பிடி விதையையும் போட்டு மூடிக் குலுக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் விதையில் இன்னும் ஈரம் இருக்கிறது.

காலை 8 முதல் 12 வரையும், மாலை 3 முதல் 5 வரையும் வெயில். நடுப்பகல் வெயில் கூடாது. சிமெண்டுத் தரையிலும் தகரத்திலும் நேராகப் பரப்பாதீர்கள், பாய் அல்லது துணி விரித்துப் பரப்புங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி விதைக்கு நிழல் காற்றே நல்லது.

கடைசி ஈரத்தை எடுக்க, விதையைக் காகித உறையில் போட்டு, அதே எடைக்குச் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பாட்டிலில் ஒரு வாரம் வைக்கலாம். இல்லையென்றால் அரிசியைச் சிவக்க வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு அதைப் போடலாம்.

பாட்டிலுக்கு ரப்பர் வளைய மூடி வேண்டும். எவர்சில்வர் சம்படமும், நம் வீட்டுப் பீங்கான் ஜாடியும் பார்க்கத்தான் உறுதி, மூடி காற்றைத் தடுக்காது. வைக்கிற இடத்துக்குச் செட்டிநாட்டு வீடுகளைப்போல வாய்த்தது வேறில்லை. சித்திரையில் வெளியே 40 டிகிரி கொதித்தாலும், தடித்த சுண்ணாம்புச் சுவருக்கு உள்ளே, வளவை ஒட்டிய இருட்டு அறை குளிர்ந்தே இருக்கும். மாடியும் அடுப்படியும் ஆகாது. ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் முழுக்கக் காய்ந்த பிறகுதான். வெளியே எடுத்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே வியர்க்கும், ஒரு இரவு அறையில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

வண்டுக்கு நம் பாட்டிமார் வழி இன்றும் பயன்படும். பயறுக்குச் செம்மண் குழைத்துக் கட்டிக் காயவைப்பது, கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டுவது, நெல்லோடு வேப்பிலை, நொச்சி இலை போடுவது, கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலப்பது. இலையைச் சருகாக உலர்த்திப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் ஈரத்தை நாமே உள்ளே வைத்ததாகும்.

9. முளைப்பு பார்ப்பது

வருடத்துக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒரு மாதம் முன்பு. நூறு விதை எண்ணி (குறைவாக இருந்தால் இருபது) ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போடுங்கள். நெல், பயறு ஒரு வாரத்தில் தெரியும், கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம். சான்று விதைக்கு அரசு கேட்கும் குறைந்த அளவு நெல்லுக்கு 80 சதவீதம், தட்டைப்பயறுக்கு 75, கத்தரி, தக்காளிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிகளுக்கும் 60. அதற்குக் கீழே வந்துவிட்டால் அந்தப் பட்டத்திலேயே விதைத்துப் புதுப்பிக்கவேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அறுத்தவுடன் முளைக்காவிட்டால் பயப்பட வேண்டாம். நெல்லுக்கும் கத்தரிக்கும் சில வாரம் உறக்கம் உண்டு. அரசின் விதைப் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்துக்கும் பார்த்துத் தருவார்கள்.

10. மூன்று கை

நகரத்தாரில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோயில் வரியானாலும் ஊர்ப் பொதுச் செலவானாலும் புள்ளிக் கணக்கில் பிரியும், யாரும் விடுபட முடியாது. விதைக்கும் அதே ஒழுங்கை, சாதி தெரு பார்க்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ரகத்துக்கு மூன்று புள்ளி: ஒருவர் பயிரிடுபவர், ஒருவர் பாட்டிலில் வைத்திருப்பவர், மூன்றாமவர் வேறு ஊரில், வேறு கண்மாய்த் தண்ணீரில் இருப்பவர். கானாடுகாத்தானில் மழை பொய்த்தாலும் கல்லலில் பெய்திருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை இந்த மூவரும் இடம் மாறலாம்.

சிரியாவில் அலெப்போ அருகே இருந்த பன்னாட்டு விதை வங்கியைப் போர் சூழ்ந்தபோது, அங்கிருந்த கோதுமை, பார்லி, பயறு ரகங்களின் நகல்கள் நார்வேயின் ஸ்வால்பார்டு பெட்டகத்தில் இருந்தன. 2015-இல் அவற்றைத் திரும்ப எடுத்து, வேறு நாடுகளில் விதைத்துப் பெருக்கினார்கள். இரண்டாவது இடம் இருந்ததால் அது முடிந்தது.

கணக்கை ஒரே நோட்டில், ஒருவர் எழுதவேண்டும். ரக எண், யாரிடம் எவ்வளவு, எந்த வருட அறுவடை, முளைப்பு எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது, திரும்ப வந்ததா. படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், ஆனால் கணக்குக் காகிதத்தில் இருக்கட்டும். போன் மாறினால் குழுவும் போய்விடும். பூட்டிய வீட்டுக்காரர்கள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது நோட்டைக் காட்டுங்கள். வெளியூரில் இருப்பவர்களால் பயிர் வைக்க முடியாது, ஆனால் உள்ளறை ஒன்றைத் திறந்துகொடுக்கலாம், கிணறு தூர்வாரப் பணம் தரலாம், தங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு நகலை வைக்கலாம்.

11. கொடுப்பது, திரும்ப வாங்குவது, சட்டம்

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திரும்பக் கேட்டார். 2018-இல் அவர் மறைந்த பிறகும் அந்த நெல் வயல்களில் நிற்பதற்கு அந்த ஏற்பாடே காரணம். காய்கறிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பிடி கொடுத்தால் இரண்டு பிடி. திரும்பத் தர முடியாதவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏன் முடியவில்லை என்று கேட்டு எழுதுங்கள். மழையா, பூச்சியா, விதை முளைக்கவில்லையா என்பது அடுத்தவருக்கு உதவும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகமானால் அதைப் பிராண்டு போட்டுப் பாக்கெட்டில் விற்கக் கூடாது, அவ்வளவுதான். உழவர் ரகத்தைப் பதிவு செய்யவும் இந்தச் சட்டத்தில் வழி உண்டு, அதற்கு உழவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பதிவுக்குப் போகும்போது உங்கள் நோட்டுதான் ஆதாரம். விதை யாரிடமிருந்து வந்ததோ அந்தக் குடும்பத்தின் பெயர் அதில் முதலில் இருக்கவேண்டும். டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவள நிறுவனத்தின் விதை வங்கிக்கு ஒரு பங்கு அனுப்புவதும் நல்லதுதான், ஆனால் அது நாலாவது கை. முதல் மூன்றும் ஊரில்தான் இருக்கவேண்டும்.

12. முதல் வருட நாட்காட்டி

தை, மாசி: வீடு வீடாகக் கேட்பது, நோட்டு தொடங்குவது. தண்ணீர் வசதி உள்ளவர் பீர்க்கு, சுரை விதைத்துவிடலாம். பங்குனி, சித்திரை: பூக்கட்டுவது, கொடிக்காய்களைக் காயவிட்டு எடுப்பது. ஆனி: எல்லா விதைக்கும் முளைப்புச் சோதனை. ஆடி: அவரை ஊன்றுவது, கத்தரி நாற்று விடுவது. ஆவணி, புரட்டாசி: கை பழகி நெல்லுக்குப் போனவர்கள் கவுனி விதைப்பது. ஐப்பசி, கார்த்திகை: மழைக்குப் பாட்டில்களைத் திறக்காமல் இருப்பது, கத்தரியிலும் மிளகாயிலும் கிளை மூடுவது, நெல் போட்டிருந்தால் கலவன் எடுப்பது. மார்கழி: மஞ்சளாகப் பழுத்த கத்தரியில் விதை எடுப்பது. அடுத்த தையில் மூன்று புள்ளிகளும் ஒரு வீட்டில் கூடி, நோட்டைச் சரிபார்த்து, விதையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். அன்றைக்கு அந்தக் கத்தரியிலேயே கோசமல்லி செய்து சாப்பிட்டுப் பாருங்கள். காய் குழையவில்லை என்று ஆச்சி சொன்னால், எந்தச் செடியின் காய் என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.